ஒரு ரிட்டர்ன், ஒரு சிங்கிள்

தொப்பியைக் கழற்றிவிட்டேன். வலது கை நெஞ்சின் மேல் இருக்கிறது.

ஹார்மின்ஸ்டர் பேராலயத்தின் கல்தரை சாட்சி. அந்தக் கல்லுக்கு அடியில் படுத்திருக்கும் பதினேழு பிஷப்புகள் சாட்சி. இனி நான் சொல்லப்போகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்.

எண்பத்திரண்டு வயதில் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

பிணத்துக்கு வருவோம்.

சனிக்கிழமை. பகல் பன்னிரண்டே முக்கால்.

பேராலயத்தின் தெற்குக் கோபுரம். அதன் சுழல் படிக்கட்டு தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு மனிதர் கிடந்தார். தலை தரையில். கால்கள் நாலாவது படியில். கழுத்து... திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

பெயர் கிளைவ் ப்ளங்கெட். வயது எழுபது. ஊர் கெட்டரிங். காலை ரயிலில் மனைவியோடு ஒருநாள் பயணமாக வந்தவர்.

பத்தடி தள்ளி இரண்டு பெண்மணிகள் ஞாயிறு ஆராதனைக்காக லில்லிப் பூக்களை ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெரா. இன்னொருத்தி டாஃப்னி. இருவரும் அலறவில்லை. பேராலயத்துக்குள் குரலை உயர்த்துவது இங்கே வழக்கமில்லை.

டாஃப்னி எட்டிப் பார்த்தாள்.

"வெரா... அந்த மனுஷனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்குடி."

"ஆமா, அப்படித்தான் தெரியுது. அந்தக் காம்பை வெட்டிட்டு வா, போய்ப் பார்க்கலாம்."

வெட்டிவிட்டுத்தான் போனார்கள்.

அதற்குள் படிக்கட்டில் மெதுவாக, ஒவ்வொரு படியாக, காலடிச் சத்தம் இறங்கி வந்தது. நீல மழைக்கோட்டு. பழுப்புக் கைப்பை. அதை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

லோர்னா ப்ளங்கெட். செத்தவரின் மனைவி. அறுபத்தெட்டு வயது.

புருஷனைப் பார்த்தாள். அழவில்லை. குனிந்தாள். அவர் கழுத்திலிருந்து நழுவிக் கிடந்த மஃப்ளரை எடுத்தாள். நாலாக மடித்தாள். கைப்பைக்குள் வைத்தாள். அப்புறம் வெராவிடம், உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா, தொந்தரவில்லை என்றால்... என்று கேட்டாள்.

பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும்? தொட்டால் அங்கே ஏதோ இருப்பது தெரியும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது. லோர்னாவுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. லில்லிகளை எண்ணினாள். இருபத்திமூன்று. ஏன் ஒற்றைப்படையில் வைக்கிறார்கள் என்று மட்டும் யோசித்தாள்.

முதலில் டீ வந்தது. பிறகு போலீஸ் வந்தது. எங்கள் ஊரில் அதுதான் வரிசை.

இன்ஸ்பெக்டர் ரோவினா ஸ்டோக். நாற்பத்துமூன்று வயது. குட்டையான உருவம், நீளமான ஞாபகம். பாதிரியார்கள் அங்கி மாற்றும் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள்.

முதலில் வெராவும் டாஃப்னியும். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். விழுவதற்கு முன்னால் அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னார். தெளிவாகக் கேட்டது.

"சாரி."

அடுத்து நாட்டிங்ஹாமிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த நாலு பேர். கோபுர உச்சியில் ப்ளங்கெட் தம்பதிக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள். இவர்கள் சொன்னதுதான் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இறங்குகிற நேரத்தில் கிளைவ் மனைவியைப் பார்த்து, நீ முன்னால் போ என்றாராம். இல்லை, நீங்கள் போங்கள் என்றாளாம் அவள். பெண்கள்தான் முதலில், என்றாராம். உங்களுக்குத்தான் முழங்கால் வலி, நீங்கள் போங்கள் என்றாளாம். இப்படியே மூன்று சுற்று. பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். கிளைவின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. நாலு பேர் முன்னால் அதற்கு மேல் வாதாட எந்த இங்கிலீஷ்காரனால் முடியும்? முன்னால் இறங்கினார்.

அதாவது... கீழே அவர். மேலே அவள். நடுவில் இருட்டுப் படிக்கட்டு.

நாலு பேரும் இன்னொரு போட்டோ எடுத்துவிட்டு இறங்கலாம் என்று மேலேயே நின்றுவிட்டார்கள். விழுந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் லோர்னாவை உள்ளே அழைத்தாள். கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னாள்.

மேஜை மேல் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. கிளைவின் மூக்குக்கண்ணாடி. கிளைவின் பிரஷர் மாத்திரை. கிளைவின் கைக்குட்டை. கிளைவின் வீட்டுச் சாவி. கிளைவுக்காகக் கட்டிவந்த முட்டை சாண்ட்விச்சில் பாதி. லோர்னாவுடையதாக ஒரே ஒரு சீப்பு.

கல்யாணமான நாளிலிருந்து கிளைவின் பாக்கெட் அந்தக் கைப்பைதான்.

கடைசியாக இரண்டு சின்ன அட்டைகள். ஒன்று, ஹார்மின்ஸ்டரிலிருந்து கெட்டரிங்குக்குத் திரும்பிப் போகிற டிக்கெட். இன்னொன்று, பணம் கட்டிய ரசீது.

இன்ஸ்பெக்டர் ரசீதைப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

ஒரு ரிட்டர்ன். ஒரு சிங்கிள்.

ரசீதை லோர்னாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மிசஸ் ப்ளங்கெட்... நான் போலீஸ்ல சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. கத்தி பார்த்திருக்கேன், விஷம் பார்த்திருக்கேன். ஆனா ஒருநாள் பயணத்துக்கு சிங்கிள் டிக்கெட் வாங்கின ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

லோர்னா மேஜை மேலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்து வைத்தாள்.

"போக மட்டும் வாங்கினா ஒரு விலை. போக வர வாங்கினா அதைவிடப் பத்து பென்ஸ் கூட. பத்தே பென்ஸ். இந்த நாட்டுல பச்சைக் குழந்தைக்குக்கூட அது தெரியும். வர்றோமோ வரலையோ, எல்லாரும் ரிட்டர்ன்தான் வாங்குவாங்க. சிங்கிள் யார் வாங்குவா தெரியுமா?"

"தெரியலைங்க."

"இந்த ஆள் திரும்பி வரவே மாட்டார்னு சர்வ நிச்சயமாத் தெரிஞ்சவங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கல்சிலையின் மூக்கில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தது. லோர்னா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட்டை யார் வாங்கியது என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள். கிளைவ்தான் வாங்கினார், நான் டீ வாங்கப் போயிருந்தேன் என்றாள் லோர்னா. ரசீதில் உங்கள் கார்டு நம்பர் அல்லவா இருக்கிறது என்றாள் இன்ஸ்பெக்டர். என் கைப்பையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு போவார், திருப்பித் தந்துவிடுவார், எப்போதும் அப்படித்தான் என்றாள் லோர்னா.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நம்பாத முகத்தோடு வெளியே எட்டி, கெட்டரிங் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"கூட்டிட்டு வரும்போது ரெண்டு பேர். திரும்பிப் போக ஒரே ஆள். மேலே அவரை முன்னாடி இறங்கச் சொன்னதும் நீங்க. பின்னாடி நின்னதும் நீங்க. விழும்போது அவர் சாரின்னு சொல்லியிருக்கார். தள்ளிவிட்டவங்ககிட்டயே சாரி கேட்கிற ஜாதி நாம, அது எனக்குத் தெரியும். உங்க தரப்புல ஏதாவது சொல்றீங்களா? இல்லேன்னா நான் உங்களைக் கைது பண்ண வேண்டியிருக்கும்."

ஆயுள் தண்டனை. அறுபத்தெட்டு வயதில் ஆயுள் எத்தனை நாள் என்று தெரியாது. எத்தனை நாளானாலும் கம்பிக்குப் பின்னால்தான்.

லோர்னா டீயை ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. நன்றாக இருக்கிறது என்றாள்.

அவ்வளவுதான் அவள் தரப்பு.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். அந்த நேரத்தில்... கதவு தட்டப்பட்டது.

வெளியே ஒரு கிழவன் நின்றுகொண்டிருந்தான். மூச்சு வாங்கியது. முழங்காலில் சுண்ணாம்பு. படிக்கட்டில் நடந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும், குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும் என்றான்.

நான்தான் அது.

சனிக்கிழமைதோறும் அறுபது படி ஏறி இறங்க வேண்டும் என்பது என் டாக்டரின் உத்தரவு. டாக்டர் செத்துப் பதினோரு வருஷமாகிறது. உத்தரவு மட்டும் அமலில் இருக்கிறது.

இத்தனை நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் சிடுசிடுத்தாள். கணக்கு அறுபது படி, முப்பத்திநாலில்தான் இது நடந்தது, மீதியை முடிக்காமல் இறங்குவது சரியில்லை என்று விளக்கினேன். அப்புறம் உச்சிவரை போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"சரி பெரியவரே, உட்காருங்க. என்ன பார்த்தீங்க?"

பார்த்ததைச் சொன்னேன். நான் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே கிளைவ் இறங்கி வந்தார். படிக்கட்டில் ஒரு ஆள்தான் போக முடியும். என் வயசைப் பார்த்துவிட்டு அவர் ஒதுங்கி வழிவிட்டார். சுழல் படியில் ஒதுங்குவதென்றால் உள்பக்கம், நடுத்தூணை ஒட்டி. அங்கே படியின் அகலம் மூன்று விரல்கூட இருக்காது. நான் அவரைத் தாண்டி ஒரு படி ஏறினேன். அதற்கு மேல்படியில் இந்த அம்மா. அப்போது அவருடைய கால் நழுவியது. சாரி என்றார். போய்விட்டார்.

"இவங்க அவரைத் தொட்டாங்களா?"

"எப்படித் தொட முடியும்? நடுவுல நான் நிக்கறேனே. அவங்க ரெண்டு கையும் கைப்பையில இருந்துச்சு. இப்ப எப்படிப் பிடிச்சிருக்காங்களோ, அப்படியே."

இன்ஸ்பெக்டர் லோர்னாவின் கைகளைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. காலி கைப்பையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வழிவிட்டதால செத்தாருங்கறீங்க."

"மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்றேன்.

"அப்ப இந்த சிங்கிள் டிக்கெட்?"

தள்ளவில்லை என்றாலும், தள்ளத் திட்டம் போட்டு வந்தவள்தான் இவள் என்று இன்ஸ்பெக்டரின் முகம் சொன்னது. அவள் விடுகிற ரகமில்லை.

போன் அடித்தது!

கெட்டரிங் ஸ்டேஷனின் டிக்கெட் ஜன்னல். பேசியவர் பெயர் கென். குரலை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள் இன்ஸ்பெக்டர். காலையில் ஒரு ரிட்டர்னும் ஒரு சிங்கிளும் வாங்கிய ஆளை ஞாபகமிருக்கிறதா என்று அவள் முடிப்பதற்குள், ஞாபகமா என்றார் கென். காலையிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லையாம். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

"இருபத்தாறு வருஷமா இந்த ஜன்னல்ல உட்கார்ந்திருக்கேன் மேடம். சனிக்கிழமையில சிங்கிள் கேட்ட முதல் ஆள் அவர்தான். எழுபது வயசிருக்கும், மஃப்ளர் போட்டிருந்தார். நான் எடுத்துச் சொன்னேன். ஐயா, இன்னொரு பத்து பென்ஸ் போட்டா உங்க வீட்டம்மாவுக்கும் ரிட்டர்னே கிடைக்குமேன்னு."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

கென் டிக்கெட் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அவளுக்குத் தேவைப்படாதுன்னார்."

காக்கை பறந்துபோயிற்று.

இன்ஸ்பெக்டர் போனை வைத்தாள். மேஜை மேலிருந்த ஒற்றை டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். புரிந்துவிட்டது. கைப்பைக்குள் இருந்தது லோர்னாவின் ரிட்டர்ன் இல்லை. கிளைவின் ரிட்டர்ன். சிங்கிள்தான் லோர்னாவுடையது. கோபுரத்துக்கு இருநூற்றுப் பதினோரு படி. பெண்கள்தான் முதலில்...

கொலை செய்ய வந்தவன் செத்துவிட்டான். மாட்டியது பத்து பென்ஸை விட மனசு வராததால்!

அப்புறம் கெட்டரிங் போலீஸ் கிளைவ் வீட்டு டயரியையும் புரட்டிச் சொன்னது. சனிக்கிழமை: ஹார்மின்ஸ்டர். ஞாயிற்றுக்கிழமை: புல்தரையில் பந்து உருட்டுகிற பௌல்ஸ் கிளப்பில் விருந்து, ஜாய்ஸுடன். திங்கட்கிழமை: ஒற்றைக் கட்டில் விலை விசாரிக்க.

இன்ஸ்பெக்டர் ஸ்டோக் நாற்காலியை இழுத்துப் போட்டு லோர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாக, சுற்றி வளைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் கணவர் உங்களைத் திருப்பி அழைத்துப் போக நினைக்கவில்லை, அம்மா.

"அப்படியா" என்றாள் லோர்னா.

பிறகு, "ஜாய்ஸுக்கு யாராவது தகவல் சொல்லணுமே. பாவம், விருந்துக்குச் சமைச்சிருப்பா" என்றாள்.

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டாள். கெட்டரிங் வரை போலீஸ் காரிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். லோர்னா தலையை அசைத்தாள்.

"வேண்டாங்க. இவரோட டிக்கெட் இருக்கே. வீணாப் போகக் கூடாது."

ஸ்டேஷன் வரை நான் துணைக்குப் போனேன். மழை என்று சொல்ல முடியாத ஒரு ஈரம் தெருவெல்லாம் பரவியிருந்தது. பேராலயக் கடையில் அவள் பாத்திரம் துடைக்கிற துண்டு ஒன்று வாங்கினாள். கோபுரம் அச்சடித்தது. ஏன் வாங்கினோம் என்று தெரியவில்லை என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் தானியங்கிக் கதவு. மிஷின் கிளைவின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தது. திருப்பிக் கொடுத்தது. கதவு திறந்தது. உள்ளே நானும் போனேன். கிழவர்களை யாரும் தடுப்பதில்லை.

ஐந்து நாற்பத்திரண்டு ரயிலுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்தப் பாதி முட்டை சாண்ட்விச்சை இரண்டாகப் பிய்த்து எனக்கும் கொடுத்தாள். மேலே கொஞ்சம் கீரை தூவியிருந்தாள். உப்புச் சரியாக இருந்தது.

"நீங்க கேட்டீங்க, இல்லையா?" என்றாள் திடீரென்று.

"எதைம்மா?"

"படிக்கட்டுல நான் சொன்னதை. உங்க தோளுக்கு மேலதானே சொன்னேன்."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன்.

அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில் நேரம் வாசிக்கிற மாதிரி.

எங்கே போனாலும் டிக்கெட்டை வாங்கிக் கிளைவ் அவளிடம்தான் கொடுப்பார். போக இரண்டு அட்டை, வர இரண்டு அட்டை. மொத்தம் நாலு. நாற்பத்தொரு வருஷமாக நாலுதான். அன்று காலை ரயிலில் கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.

மூன்று இருந்தது.

"மறந்துட்டாரோன்னு முதல்ல நினைச்சேன். இவர் மறக்கிற ஆள் இல்லை. அப்புறம் ரசீதைப் பார்த்தேன். அதையும் என்கிட்டதானே கொடுத்திருந்தார்... பழக்கம்."

"அப்பவே இறங்கிப் போலீஸ்கிட்ட போயிருக்கலாமே அம்மா. எதுக்குக் கோபுரத்துல ஏறினீங்க?"

லோர்னா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் பேர் கொடுத்து முன்பதிவு பண்ணியாச்சுங்க. வரலேன்னு சொன்னா நல்லாயிருக்காதே."

நியாயம்தான். எனக்கும் அது தோன்றாமல் போயிற்று.

மேலே நின்று ஊரைப் பார்த்தபோது பயம் வரவில்லையாம். கோபமும் வரவில்லையாம். வரும் வரும் என்று காத்திருந்தாளாம். ஒன்றும் வரவில்லை. இறங்கும்போது கிழவன் ஒருவன் ஏறி வருகிற சத்தம் கேட்டது. கிளைவ் ஒதுங்கி நின்றார். மூன்று விரல் படியில், ஒற்றைக் காலில். இத்தனை பக்கத்தில், இத்தனை சும்மா அவர் நின்றதே இல்லை. ஒரு விஷயம் கேட்கலாம் என்று தோன்றியது.

கேட்டாள்.

"கிளைவ், திரும்பிப் போற டிக்கெட் ஒண்ணுதான் இருக்கு. அது யாருக்கு?"

கிளைவ் சட்டென்று தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார். கால் படியில் இல்லை.

விழுவதற்கு முன்னால் ஒரே வார்த்தை.

"எல்லாரும் நினைக்கறாங்க, வழிவிடும்போது உங்ககிட்ட அவர் சாரி சொன்னார்னு" என்றாள் லோர்னா. "என்கிட்டதான் சொன்னார். நாற்பத்தொரு வருஷத்துல இதுதான் முதல் தடவை. பதில் சொல்றதுக்குள்ள போயிட்டார்."

அவள் கையிலிருந்த சாண்ட்விச் துணுக்கு மடியில் விழுந்தது. அதையும் எடுத்துத் தின்றாள்.

நான் பொய்சாட்சி சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தொட்டாளா என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள். தொடவில்லை. பேசினாளா என்று கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு.

ரயில் வந்தது. லோர்னா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கைப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். வண்டி நகர்ந்தது. அவள் கையசைக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இதில் ஒரு எழுத்தையாவது சந்தேகப்படுகிறவர்கள் ஹார்மின்ஸ்டருக்கு நேரில் வந்து விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் பஸ்ஸிலோ காரிலோ வாருங்கள்.

இந்த ஊருக்குக் கடைசி ரயில் வந்தது 1964 அக்டோபரில். ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது. முதல் இரண்டு மணி நேரம் இலவசம்.